ஏற்காட்டில் கேனான் ஆர்7: பறக்கும் பறவைக்கு ஃபோகஸ் நிற்குமா?

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிப்பது உங்கள் இஷ்டம். கேனான் ஆர்7 கேமராவும் ஆர்எஃப் 100-400 லென்ஸும், பறக்கும் பறவையைப் படம் பிடிக்க ஆசைப்படுகிற சேலத்துக்காரர்களுக்கு நல்ல ஜோடி. ஆனால் "அனிமல்ஸ்னு போட்டு விட்டுடுங்கண்ணா, மீதிய அதுவே பாத்துக்கும்" என்று வாடகைக் கடைத் தம்பி சொல்வதை நம்பி அப்படியே மலையேறினால், அடிவாரத்து மூக்கனேரியில் சிரித்த முகம் மலை மேல் பகோடா பாயிண்டில் சுருங்கிப்போகும். கேமரா அதேதான், லென்ஸும் அதேதான், கையும் நம் கைதான். மாறுவது பறவைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது. இதை யாரும் சொல்வதில்லை. எல்லாரும் "பருந்துக்கு என்ன செட்டிங், மீன்கொத்திக்கு என்ன செட்டிங்" என்றுதான் கேட்கிறார்கள்.

சாதனத்தைப் பற்றி சுருக்கமாக. ஆர்7 வெளிவந்தது 2022-ல். ஏபிஎஸ்-சி சென்சார், அதாவது ஃபுல் ஃபிரேமைவிடச் சின்னது, 32.5 மெகாபிக்சல். கேனானில் ஏபிஎஸ்-சி என்றால் 1.6 மடங்கு கணக்கு, ஆக 400 மிமீ லென்ஸ் ஃபுல் ஃபிரேம் கேமராவின் 640 மிமீ அளவுக்குப் பறவையை நெருக்கிக் காட்டும். கேமரா பேட்டரி, கார்டோடு 612 கிராம், லென்ஸ் 635 கிராம், இரண்டும் சேர்ந்தே ஒன்றேகால் கிலோதான். பறக்கும் பறவைக்கு முக்காலி பெரிதாக உதவாது, கையில் ஏந்திச் சுழலத்தான் வேண்டும். சேர்வராயன் கோயில் மேட்டில் பருந்து வருமா வராதா என்று கேமராவைக் கண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நிற்கும்போது இந்த எடையின் அருமை தெரியும், பக்கத்தில் பெரிய ஜூம் வைத்திருப்பவர் தோளைத் தேய்த்துக்கொண்டிருப்பார். விலை இரண்டும் சேர்த்து இரண்டு லட்சத்தை ஒட்டி வரும், தள்ளுபடி சமயத்தில் கொஞ்சம் இறங்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மூக்கனேரி தெரியாதவர்களுக்கு: கன்னங்குறிச்சிப் பக்கம், மலையடிவாரத்து ஏரி, 2010-ல் தொடங்கி ஊர்க்காரர்கள் சேர்ந்து சீரமைத்து நடுவே மண்திட்டுகள் போட்டு மரம் நட்டார்கள். சாயங்காலம் அந்தத் திட்டுகளுக்கு உண்ணிக்கொக்கும் நீர்க்காகமும் வந்து அடையும், அதே நேரத்தில் இராக்கொக்கான வக்கா வேலைக்குக் கிளம்பும். கரையில் நின்றால் பறவை நம் தலைக்கு மேலே வருகிறது, பின்னால் வெறும் வானம். இல்லையென்றால் தட்டையான தண்ணீர். இங்கே ஆர்7 அட்டகாசம். சர்வோ (நகர்வதை விடாமல் பின்தொடரும் ஃபோகஸ்), ஏஎஃப் ஏரியாவில் ஹோல் ஏரியா (ஃபிரேம் முழுக்கத் தேடுவது), சப்ஜெக்ட்டில் அனிமல்ஸ் (பறவையும் இதில் சேர்த்தி), கண் தேடல் ஆன், அவ்வளவுதான். பறவை ஃபிரேமுக்குள் வந்ததும் உடம்பின் மேல் ஒரு கட்டம் விழும், நெருங்க நெருங்க அது தலைக்குச் சுருங்கும், அப்புறம் கண்ணில் போய் உட்காரும். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.

கட்டம் கண்ணில் விழவில்லையே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். தேவையில்லை. 400 மிமீ, லென்ஸின் திறப்பு எஃப்8, பறவை 40 மீட்டர் தள்ளி என்றால் கூர்மையாக விழும் பகுதி கிட்டத்தட்ட 3 மீட்டர் ஆழம் இருக்கிறது, கொக்கு முழுசாக அதற்குள் அடங்கிவிடும். கண் தேடல் உண்மையில் வேலைக்கு ஆவது பறவை 10 மீட்டருக்குப் பக்கத்தில் வரும்போது, அங்கே அந்த ஆழம் 20 செ.மீ. கூட இல்லை, றெக்கை நுனியில் ஃபோகஸ் விழுந்தால் முகம் போய்விடும். தூரத்துப் பறவைக்குக் கண் கட்டம் வரவில்லை என்று மெனுவை நோண்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் பறவை அடைந்துவிடும்.

இப்போது மலை. இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மேலே போய் பகோடா பாயிண்டில் நில்லுங்கள். சமவெளியில் பறவையை அண்ணாந்து பார்த்துப் பழகிய நமக்கு இங்கே எல்லாம் தலைகீழ். கள்ளப்பருந்து பள்ளத்தாக்கிலிருந்து வெயில் ஏற ஏற எழும்பும் காற்றைப் பிடித்து வட்டமிட்டு மேலே வருகிறது, நம் கண் மட்டத்துக்கு வரும்வரை அதன் பின்னால் வானமே கிடையாது. பாறை, புதர், சரிவு, கீழே வயல், ரோடு, ஓட்டு வீடு. பழுப்புப் பறவை, பழுப்பு மலை. ஹோல் ஏரியா வைத்திருந்தால் கேமரா இந்தக் கூட்டத்துக்குள் பறவையைத் தேட வேண்டும், தேடும்போது பளிச்சென்று கோடும் விளிம்புமாக இருக்கிற மரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது.

ஒட்டிக்கொண்டால் திரும்பி வராததற்கும் காரணம் உண்டு. பறவையை அடையாளம் காண்கிற வேலை சென்சாரில் விழும் பிம்பத்தை வைத்துத்தான் நடக்கிறது. ஃபோகஸ் பின்னணிக்குப் போய்விட்டால் முன்னால் பறக்கிற பருந்து வெறும் மங்கல் திட்டு ஆகிவிடும். திட்டைப் பார்த்துப் பறவை என்று கேமராவால் சொல்ல முடியாது. சொல்ல முடியாததால் ஃபோகஸ் திரும்பாது. ஃபோகஸ் திரும்பாததால் திட்டு திட்டாகவே இருக்கும். பட்டனை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் இந்தச் சுழலிலிருந்து வெளியே வராது, சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துகிறார்கள், அது ஃபோகஸ் பட்டன், லிஃப்ட் பட்டன் இல்லை.

வழி இதுதான். பறவை வரும் முன்பே, அது வரப்போகிற தூரத்தில் உள்ள ஏதோ ஒன்றில், பக்கத்துச் சரிவின் மர உச்சியோ பாறையோ, ஒரு தடவை ஃபோகஸ் வைத்துக்கொள்ளுங்கள். பருந்து ஃபிரேமுக்குள் வரும்போது அரைகுறையாகவாவது தெரியும், அந்த அரைகுறை போதும், கேமரா அடையாளம் கண்டுகொள்ளும். நழுவிப் பின்னால் போய்விட்டால் பட்டனை விட்டுவிட்டு, மறுபடியும் பக்கத்துப் பாறைக்கு வந்து, மறுபடி ஆரம்பியுங்கள். கேட்க சுற்றுவழி மாதிரி இருக்கும், இதுதான் வேகமானது. பெரிய லென்ஸ்களில் இருக்கிற ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் இந்த 100-400-ல் கிடையாது என்பதால் இந்தப் பழக்கம் இன்னும் அவசியம்.

அப்புறம் ஏரியா. மலையில் ஹோல் ஏரியாவை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஃபிரேமின் ஒரு பகுதிக்குள் மட்டும் தேடும் ஃப்ளெக்சிபிள் ஜோன் 1-ஐ எடுத்து, சதுரமாக, ஃபிரேமின் நடுவில், பருந்தைவிட கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கிறேன். மெனுவில் "ஹோல் ஏரியா டிராக்கிங் சர்வோ" என்று ஒன்று தனியாக இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதே இல்லை. இது ஆன் என்றால் சின்ன ஜோனில் பறவையைப் பிடித்தாலும் பிடித்த பிறகு ஃபிரேம் முழுக்க அதன் பின்னாலேயே ஓடும். ஆஃப் என்றால் ஜோனுக்குள் இருக்கும்வரைதான் வேலை செய்யும். வானம் பின்னணி என்றால் ஆன். மரமும் பாறையும் பின்னணி என்றால் ஆஃப், பறவையை ஜோனுக்குள் வைத்திருக்கும் பொறுப்பு நம் கையுடையது. கை பழக மூக்கனேரி உண்ணிக்கொக்கை விடச் சிறந்த வாத்தியார் இல்லை, நிதானமாக, நேர்கோட்டில், சாயங்காலம் தவறாமல் வரும்.

இரண்டு பட்டன் ஏற்பாடு செய்துகொண்டால் மெனுவுக்கே போக வேண்டாம். ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸைக் கழற்றிவிட்டு அதற்கு வெளிச்சம் அளக்கும் வேலையை மட்டும் கொடுத்தேன். ஏஎஃப்-ஆன் பட்டன் அந்தச் சின்ன ஜோனில் ஃபோகஸ் பிடிக்கும். பக்கத்தில் இருக்கும் நட்சத்திரப் பட்டனில் கண் தேடல். பருந்து கீழே மலையின் முன்னால் இருக்கும்வரை கட்டைவிரல் ஏஎஃப்-ஆனில், அது ஏறி வானத்துக்கு வந்ததும் விரலை ஒரு அங்குலம் நகர்த்தினால் கேமரா தலையையும் கண்ணையும் தானே தேடிக்கொள்ளும். ஆர்7-ல் கட்டைவிரலுக்கு அருகிலேயே ஜாய்ஸ்டிக்கும் அதைச் சுற்றி டயலும் ஒன்றாக வைத்திருக்கிறார்கள், மற்ற கேனானிலிருந்து வருபவர்களுக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும், பழகின பிறகு இதுவே சௌகரியம் என்று தோன்றுகிறது.

சர்வோ ஃபோகஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்ல கேஸ் 1, 2, 3, 4, ஏ என்று ஐந்து இருக்கின்றன, இவற்றை வைத்து மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். என் கருத்து: புதிதாக வாங்கியவர்கள் கேஸ் ஏ-யிலேயே இருங்கள், அதுவே நிலைமையைப் பார்த்து மாற்றிக்கொள்ளும். ஏற்காட்டில் தெரிந்துகொள்ள வேண்டியது கேஸ் 2. காபித் தோட்டங்களில் நிழலுக்கு சில்வர் ஓக் வரிசை வரிசையாக நிற்கும், ரோட்டோரம் நின்று படமெடுத்தால் பறவை நொடிக்கொரு தடவை ஏதாவது ஒரு மரத்துக்குப் பின்னால் போய் வரும். குறுக்கே வந்த மரத்தைக் கண்டுகொள்ளாமல் பழைய தூரத்திலேயே சற்று காத்திருப்பதுதான் கேஸ் 2-வின் குணம். கேஸ் 3 நேர் எதிர், புதிதாக எது குறுக்கே வந்தாலும் உடனே அதற்குத் தாவும், சில்வர் ஓக் பக்கம் அதை வைத்தால் மரப்பட்டைகளின் அருமையான தொகுப்பு ஒன்று கிடைக்கும். கேஸ் 4 வேகத்தைத் திடீரென்று கூட்டியும் குறைத்தும் பறப்பவற்றுக்கு, அதாவது தகைவிலான் (ஸ்வாலோ).

சப்ஜெக்டை மாற்றிக்கொள்வதற்கு என்று ஒரு செட்டிங் உண்டு, 0, 1, 2 என்று மூன்று படி. பருந்து பறந்தால் கரிச்சானோ காக்கையோ விடுமா, விரட்டிக்கொண்டே வரும். அந்த நேரத்தில் இது 2-ல் இருந்தால் கட்டம் பருந்துக்கும் காக்கைக்கும் நடுவே கிடந்து அல்லாடும். 0-வில் வைத்தால் முதலில் பிடித்ததை முடிந்தவரை விடாது. கொக்குக் கூட்டத்துக்கும் அதே 0.

தகைவிலானையும் உழவாரனையும் (ஸ்விஃப்ட்) பற்றி நேர்மையாகச் சொல்கிறேன்: ஏற்காடு ஏரிக்கரையில் தண்ணீரை உரசிக்கொண்டு பறக்கும் இவற்றை இந்த ஜோடி பிடிக்கும், ஆனால் வெட்டிக் குவிக்கிற அளவுக்குப் படங்கள் தூக்கியெறிய வேண்டியிருக்கும். இது ஃபோகஸின் குறை மட்டும் இல்லை, 400-ல் வைத்துக்கொண்டு அந்தப் பொடிப் பறவையை ஃபிரேமுக்குள் கொண்டுவருவதே பாதி வேலை. ஜூம் லென்ஸ் என்பதை இங்கே பயன்படுத்திக்கொள்ளுங்கள், 200-ல் பறவையைக் கண்டுபிடித்து, பின்தொடர்ந்து, அப்புறம் 400-க்குப் போங்கள். வியூஃபைண்டரை "ஸ்மூத்" என்ற நிலைக்கு மாற்றிவிடுங்கள், பேட்டரி கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், பரவாயில்லை. சுலபமான பாடம் வேண்டுமா, மேட்டூர் பக்கம் போய் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பாருங்கள். மீனைக் குறிபார்த்து ஒரே இடத்தில் றெக்கையடித்துக்கொண்டு நிற்கும், பின்னால் அணைத் தண்ணீர், ஆர்7-க்கு இதைவிடச் சொகுசான வேலை கிடையாது.

அடுத்தது எலக்ட்ரானிக் ஷட்டர், அதாவது திரை அசையாமல் சென்சாரே படமெடுப்பது. மெக்கானிக்கலில் நொடிக்கு 15 படம், எலக்ட்ரானிக்கில் 30. முப்பதைப் பார்த்ததும் கை பரபரக்கும். ஆனால் இந்த சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுவது, அந்த வேகம் அதிகமில்லை, அதனால் வேகமாக அடிக்கும் றெக்கை படத்தில் வளைந்து விழும். ஆர்7-ஐப் பற்றிப் பேசும் எல்லாருமே சொல்லிவிட்ட சங்கதி இது. வட்டமிடும் பருந்துக்குப் பெரிய பாதிப்பு தெரியாது, தகைவிலானுக்கும் புறாவுக்கும் நன்றாகவே தெரியும். அதனால் பறக்கும் பறவைக்கு மெக்கானிக்கலில் 15 போதும். ஒரே ஒரு விதிவிலக்கு, ரா பர்ஸ்ட் என்ற தொடர் படப்பிடிப்பில் இருக்கிற ப்ரீ-ஷூட்டிங், அதாவது பட்டனை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய அரை நொடியையும் சேர்த்துத் தருவது. கம்பியில் உட்கார்ந்திருக்கும் பஞ்சுருட்டான் எப்போது கிளம்பும் என்று யாருக்குத் தெரியும், அது கிளம்பியதைப் பார்த்து நம் விரல் அழுத்துவதற்குள் அது போய்விட்டிருக்கும், அந்த அரை நொடியில்தான் படம் இருக்கிறது. றெக்கை கொஞ்சம் வளைந்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு இது வரம்.

கார்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சேலத்தில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தபோது கேமராவோடு தந்த கார்டு பழைய மெதுவான ரகம், செம்பருந்து நேராக முகத்துக்கு வருகிற நேரத்தில் கேமரா எழுதிக்கொண்டே இருந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேகமான யுஹெச்எஸ்-2 கார்டு சொந்தமாக ஒன்று வைத்துக்கொண்டு, அதன் பிறகு வாடகைக்குப் போங்கள். 32.5 மெகாபிக்சல் ரா கோப்பு என்பதால் நல்ல கார்டிலேயே நீளமாக அழுத்திப் பிடித்தால் கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபர் நிரம்பிவிடும், சின்னச் சின்னதாக அழுத்திப் பழகுவது நல்லது.

வெளிச்சம் அளப்பதிலும் பின்னணிதான் வில்லன். பருந்து மலைக்கு முன்னால் இருக்கும்போது ஒரு அளவு, வானத்துக்கு ஏறியதும் வேறொரு அளவு, பறவை மேல் விழும் வெயில் என்னவோ அதேதான். கேமராவிடம் விட்டால் வானம் வந்ததும் பருந்தைக் கருப்பாக்கிவிடும். மேனுவலில் ஷட்டர் வேகம் 1/2000 நொடி, எஃப்8 வைத்து, வெயில் படும் புல்லில் அளந்து ஐஎஸ்ஓவையும் (ஒளி உணர்திறன்) நிறுத்திவிடுங்கள், வெயில் மாறும்வரை தொட வேண்டாம். கொக்கு மாதிரி வெள்ளைப் பறவைக்கு மட்டும் ஒரு படி குறைத்துக்கொள்ளலாம். தகைவிலானுக்கு 1/3200-க்குக் கீழே இறங்காதீர்கள். இன்னொன்று, பகோடா பாயிண்ட் கிழக்கு பார்த்தது, காலையில் சூரியன் எதிரே நிற்கும், நிழலுருவம் வேண்டுமென்றால் காலையில் போங்கள், இறகு தெரிய வேண்டுமென்றால் மூன்று மணிக்கு மேல்.

எஃப்8 என்றதும் மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆரில் எஃப்8 என்றால் ஆட்டோஃபோகஸ் நின்றே போகும், அல்லது நடுவில் சில புள்ளிகள் மட்டும் வேலை செய்யும், அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. ஆர்7 மாதிரி கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் அந்தத் தடை இல்லை, வெயிலில் இந்த லென்ஸ் ஃபிரேமின் ஓரம்வரை சுறுசுறுப்பாகப் பிடிக்கிறது. சிக்கல் நிழலில்தான். காபித் தோட்டத்து மரங்களுக்கு அடியில் 1/2000 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 6400-ஐத் தாண்டும், இந்தச் சின்ன சென்சாரில் அதற்கு மேல் இறகின் நுணுக்கம் கரைந்துவிடுகிறது. தோட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் பறவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பறப்பதை மேட்டிலும் ஏரியிலும் பார்த்துக்கொள்ளலாம்.

பனிமூட்டம் வந்துவிட்டால் எந்த கேஸும் எந்த ஜோனும் கைகொடுக்காது. ஃபோகஸ் பிடிக்கக் கோடும் விளிம்பும் வேண்டும், மூட்டம் இரண்டையும் அழித்துவிடும், லென்ஸ் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டே இருக்கும். கேமரா ஓரளவு ஈரம் தாங்கும்படி செய்யப்பட்டது, ஆனால் இந்த லென்ஸுக்கு அந்தக் காப்பு கிடையாது, ஆகவே மூட்டம் இறங்கினால் பைக்குள் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போவதே நல்லது. பையின் ஜிப்பைப் போட்டுவிட்டுப் போங்கள். குரங்குகளுக்குக் கேமரா மேல் ஆர்வம் இல்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் வைத்திருக்கும் தட்டுவடை செட் பொட்டலத்துக்காகப் பையையே இழுத்துக்கொண்டு போகும். கோடையில் மூட்டத்துக்குப் பதில் கானல். மத்தியான வெயிலில் கீழே இருக்கிற பாறையும் வயலும் சூடாகி காற்று அலையடிக்கும், தூரத்துப் பருந்து எல்லாப் படத்திலும் கொழகொழவென்று விழும். அதற்கு ஃபோகஸைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, லென்ஸைச் சர்வீஸுக்கு அனுப்பவும் வேண்டாம், பறவை நெருங்கி வரும்வரை பொறுத்தால் போதும்.

இதற்கு மேல் செலவு செய்ய முடிந்தவர்கள் ஆர்எஃப் 100-500 எல் லென்ஸைப் பார்க்கலாம். 500-ல் எஃப்7.1, ஈரக் காப்பு உண்டு, ஃபோகஸ் தூரச் சுவிட்சும் உண்டு. எடை முக்காலிப் பட்டை இல்லாமலே 1,370 கிராம், அதாவது இந்த லென்ஸைப் போல இரண்டு மடங்குக்கு மேல், விலை அதைவிட அதிக மடங்கு. மாதத்துக்கு ஒரு தடவை ஏற்காடு போய்வருகிறவருக்கு அது தேவையா என்றால் தேவையில்லை என்பேன். மழைக்காலத்திலும் மலையிலேயே கிடப்பவர் என்றால் கதை வேறு.

100-400 வாங்குபவர்கள் ஒன்று கவனியுங்கள், பெட்டியில் லென்ஸ் ஹூட் வராது. இடி-74பி என்று கேட்டுத் தனியாக வாங்க வேண்டும். காலையில் பகோடா பாயிண்டுக்குப் போகிற எண்ணம் இருந்தால் கேமரா வாங்கும் அன்றே அதையும் பில்லில் சேர்த்துவிடுங்கள், பக்கவாட்டு வெயில் கண்ணாடியில் அடித்தால் படம் வெளிறி, ஃபோகஸும் தடுமாறும்.